ஓரமாய் இருப்பதற்கான கட்டணம்

பேசாமல் இருப்பதற்கும் இனிப் பணம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் யாரோ ஒருவருடைய சமையலறையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஃப்ரிட்ஜ் குளிர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அவர் தொழிலில் பாதி காத்திருப்பதுதான். கேஸ் நிரப்பி, குழாயின் வாயை அடைத்து, பிளக்கைச் செருகியதும் கிளம்பிவிட முடியாது. வீட்டுக்காரர் உள்ளே கையை விட்டுப் பார்த்து, குளிர் ஏறுகிறது என்று தலையாட்டும்வரை இருந்தாக வேண்டும். முதலில் பேச்சுக் கொடுப்பார்கள். அவர் "ம்" என்பார். இன்னொன்று கேட்பார்கள். அதற்கும் "ம்". பிறகு அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர் அடுத்தவர் வீட்டுச் சாமான்களுக்கு நடுவே, வெளியே எடுத்து வைத்த பால் பாக்கெட்டையும் மருந்து பாட்டில்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு வீட்டில்தான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் அவரைப் 'பேச்சுத்துணை'யில் சேர்த்துவிட்டார். அது தனியாக இருப்பவர்கள் செல்போனில் எழுதி எழுதிப் பேசிக்கொள்ளும் ஒரு குழு. அங்கே யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர்.

"உங்களுக்கு என்ன பேர் போடட்டும்?" என்று டீச்சர் கேட்டார்.

"எனக்கு எதுக்குங்க பேரு. நான் சும்மா ஓரமா இருந்துக்கறேன்."

டீச்சர் 'ஓரமா' என்று தட்டி, போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் அதைப் படித்தார். ஒரு வார்த்தை எழுதியதில்லை. யாராவது நன்றாக ஏதாவது சொன்னால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். 'மொட்டைமாடி' என்ற பெயரில் ஒரு பெண் எழுதுவாள். அவள் வந்தாலே குழு கலகலத்துப்போகும். அலுவலகத்து மேனேஜர் தும்முவதைக்கூட ஒரு நாடகம்போல எழுதுவாள். அவரும் சிரித்துக்கொண்டுதான் படித்தார், ஒரு நாள் அவள் இப்படி எழுதும்வரை.

"எங்கப்பா ஃப்ரிட்ஜோடதான் பேசுவார். கதவைத் தட்டி, 'என்ன பண்ணுது உனக்கு'ன்னு கேப்பார். என்னை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல. எங்கம்மாவுக்கு இடது கைப்பழக்கம். அதுக்காக வீட்டு ஃப்ரிட்ஜ் கதவோட கீலைக் கழட்டி மறுபக்கம் மாட்டினார். ஆனா மாட்டினேன்னு சொல்லல. எங்கம்மா ஒரு வாரம் அந்தக் கதவோட மல்லுக்கட்டினாங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். மெக்கானிக் போனை முழங்காலில் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே இருந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா இறந்துபோன பிறகு வாரம் தவறாமல் போன் செய்கிறாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." "வேற?" "வேற ஒண்ணுமில்ல." "சரி, வச்சிடறேன்." இருவருக்கும் நடுவில் சண்டை எதுவும் கிடையாது. இதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை, அவ்வளவுதான். போனில் நான்கு வார்த்தை பேசுகிற அந்தப் பெண்தான் இங்கே பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னால் எழுந்து போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் ஓரமாகவே இருந்துகொண்டார்.

பிறகு ஒரு நாள் அவள் எழுதினாள்: "கழுத்துல ஒரு கட்டி மாதிரி இருக்கு. டாக்டர் ஊசி போட்டு டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றார். வீட்டுல சொல்லல. சொன்னா அப்பா 'ம்'னு சொல்வார். அதைக் கேக்கற தைரியம் இப்ப எனக்கு இல்ல."

கட்டண அறிவிப்பு அதற்கு மறுநாள் வந்தது.

*

"அன்புடைய உறுப்பினரே," என்றது அறிவிப்பு. "தாங்கள் சேர்ந்த நாள் முதல் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நிர்வாகக் குழு கனிவுடன் கவனித்து வருகிறது. பிறர் பேச்சைக் கேட்பதும் ஒரு நுகர்வே. ஆகவே, இதுவரை இலவசமாக வழங்கப்பட்ட தங்கள் மௌனம் இனிக் கட்டணத்துக்கு உட்பட்டது."

நிர்வாகக் குழு என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழே உறுப்பினர் நலப் பொறுப்பாளர் என்று ஒரு எண் இருந்தது. கூப்பிட்டார். தாலாட்டுவது போன்ற ஒரு பெண் குரல் எடுத்தது.

"சொல்லுங்க சார். உங்க மனசுல என்ன இருந்தாலும் சொல்லலாம்."

"இந்தக் கட்டணம் பத்தி. பேசறவங்களுக்குக் கம்மியா இருக்கு, பேசாதவங்களுக்கு அதிகமா இருக்கே."

"ஆமா சார். பேசறவங்க கொடுக்கறாங்க. நீங்க எடுத்துக்கறீங்க."

"நான் எதையும் எடுக்கலீங்களே. படிக்கத்தான் செய்யறேன்."

"அதைத்தான் சார் எடுக்கறதுன்னு சொல்றோம்."

"படிச்சா அது குறைஞ்சா போகும்?"

"குறையாது சார். ஆனா நீங்க படிச்சிட்டீங்க இல்ல?"

அவர் யோசித்தார். பழுதான இயந்திரம் எதுவானாலும் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். இது எங்கேயும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"முன்னாடி சும்மாதானே இருந்தது?"

"முன்னாடி இது வெறும் குழு சார். இப்ப இது ஒரு குடும்பம். குடும்பம்னா செலவு இருக்குமில்ல?"

கட்டிவிட்டார். பணம் கட்டியதும் குழு திறக்கவில்லை. ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றது. கட்டணம் செலுத்திப் பேசாமலிருக்கும் உறுப்பினர், பேசாமலிருப்பதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டுமாம். கூச்சம், துக்கம், தொண்டைக் கோளாறு, வேவு பார்த்தல்: நான்கில் ஒன்றை அமுக்கலாம்.

அவர் நேர்மையான மனிதர். பழைய பாகத்தைப் புதுசு என்று சொல்லி யாருக்கும் மாட்டியதில்லை. நான்காவதன் மேல் விரல் வெகுநேரம் நின்றது. கடைசியில் மூன்றாவதை அமுக்கினார்.

மறுநாள் காலையில் குழுவைத் திறந்தபோது அது முழுக்க அவரைப் பற்றியே இருந்தது. 'நம் உறுப்பினர் ஓரமா அவர்களுக்குத் தொண்டை சரியில்லை. அவருக்காக ஒரு நிமிடம் எழுதுவோம்' என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. வெந்நீர் குடிக்கச் சொன்னார்கள். ஆவி பிடிக்கச் சொன்னார்கள். அவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள், அவர் எவ்வளவு இனிமையான மனிதர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 'பேசுவோர்' கட்டணத்தில் எவ்வளவு வார்த்தைகள் அனுமதியோ அவ்வளவையும் பலர் அவர் தொண்டையிலேயே செலவழித்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் மொட்டைமாடி இருந்தாள்.

"ஓரமா, உங்களுக்குத் தொண்டையா? எனக்குக் கழுத்து. நாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாங்களா? கழுத்துல ஊசி போட்டா ரொம்ப வலிக்குமா? வியாழக்கிழமை எனக்கு. உண்மையைச் சொல்லுங்க, பரவாயில்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். மகள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். சாப்பாடு பற்றிய கேள்வி அல்ல.

அன்றைக்கு அவர் போன வீட்டில் ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் தேய்ந்திருந்தது. அதை மாற்றுவதற்குள் போனை எடுத்து எடுத்து வைத்தார். ரப்பரைத் தலைகீழாக மாட்டி, உருவி, மறுபடி மாட்டினார். கடைசியில் தரையிலேயே உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுதினார்: "பயப்படாதே. சின்ன ஊசிதான். நான் விசாரித்தேன்." உண்மையில் விசாரித்திருந்தார். மூன்று தெரு தள்ளி ஒரு மருந்துக்கடைக்காரரின் ஃப்ரிட்ஜைச் சும்மா பார்த்துக் கொடுத்து, பதிலுக்கு அந்த ஊசி பற்றி எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தார்.

அனுப்பினார். திரும்பி வந்தது.

"தங்கள் பகிர்வு ஏற்கப்படவில்லை. தாங்கள் 'கேட்போர்' நிலையில் இருப்பதால் ஆறுதல் கூற இயலாது. ஆறுதல் கூற 'மனம் திறக்கும் பயிற்சி'யை முடித்திருக்க வேண்டும். தாங்கள் தற்போது செய்யக்கூடியது: கட்டைவிரல்."

ஒரு கட்டைவிரலைப் போட்டார். ரொம்ப வலிக்குமா என்று அவள் கேட்டிருந்த கேள்விக்குக் கீழே அது பளிச்சென்று நின்றது. பார்க்க வலிக்கும் என்று சொல்வதுபோல இருந்தது. எடுத்துவிட முயன்றார். கட்டைவிரலைத் திரும்பப் பெறத் தனிக் கட்டணம்.

*

பயிற்சி செல்போனில் நடந்தது. நலப் பொறுப்பாளரே பயிற்சியாளர். திரையில் அவர் முகத்துக்குப் பின்னால் ஒரு செயற்கை அருவி ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தன் பட்டறையில், திறந்து போட்ட இரண்டு கம்ப்ரஸர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணை மூடுங்க சார். கடைசியா எப்ப அழுதீங்க?"

"போன வாரம்."

"அருமை. எதனால?"

"கேஸ் லீக்."

"அது இல்ல சார். மனசு தாங்காம."

அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அருவி ஓடிக்கொண்டிருந்தது. மனைவியைக் கொண்டுபோன அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு, அவளுக்காக மாற்றிப் பூட்டிய அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"சார், அஞ்சு நொடிக்கு மேல அமைதியா இருந்தா சிஸ்டம் உங்களைக் கேட்போர்னு எடுத்துக்கும்" என்றார் பயிற்சியாளர். "ஏதாவது சொல்லிட்டே இருங்க."

"என்ன சொல்றது?"

"மனசுல இருக்கறதை."

"அதைத்தான் எடுத்துட்டு வந்துட்டிருந்தேன்."

"சீக்கிரம் வரணும் சார். இன்னும் பத்துப் பேர் மனம் திறக்கக் காத்திட்டிருக்காங்க."

அவருக்குப் பயிற்சியில் தேர்ச்சி கிடைக்கவில்லை. கட்டணம் கட்டி மறுபடி பயிற்சி எடுக்கலாம் என்றார்கள். கட்டினார். அதற்குள் வியாழக்கிழமை வந்து போனது. அன்று மாலை மொட்டைமாடி எழுதினாள்: "ஊசி போட்டாச்சு. ஓரமா, உங்க கட்டைவிரலைப் பார்த்துட்டுதான் போனேன். நீங்க சொன்ன அளவுக்கெல்லாம் வலிக்கல. ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும். அதுவரைக்கும் எனக்கு எதையாவது சொல்லிச் சிரிக்க வைங்க யாராவது."

செவ்வாய்க்கிழமை அவர் எந்த வேலையும் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டறை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கை சும்மா இருக்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் சொந்த ஃப்ரிட்ஜைப் பிரித்தார். மதியத்துக்குப் பிறகு அவள் பெயர் திரையில் வந்தது.

"ரிப்போர்ட் வந்துருச்சு. கவரைப் பிரிக்காம அப்படியே டாக்டர்கிட்டக் கொடுத்தேன். டாக்டர் என்னைப் பார்த்து"

அத்தோடு எழுத்து மங்கி, ஒரு பூட்டுப் படம் வந்து நின்றது. அதன் கீழே: "மொட்டைமாடிக்கு என்ன ஆனது? டாக்டர் சொன்னது என்ன? மீதியை, உயர் கட்டண உறுப்பினர்களுக்கான உள்முற்றத்தில் படியுங்கள். இன்றே சேருவோருக்குச் சலுகை."

*

பேச்சுத்துணையின் ஆண்டுக் கூட்டம் மறுநாள், வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில் நடந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒருவர் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் சட்டையில் பட்டப்பெயர் குத்தியிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, போனில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நேரில் பேசினால் கணக்கில் சேராது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

கணக்கு டீச்சரும் வந்திருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும், "தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தொண்டைக்கு ஒண்ணுமில்லீங்க."

"பேசறீங்களே. அப்ப சரியாயிடுச்சு" என்று டீச்சர் திருப்தியுடன் போனில் எதையோ தட்டினார்.

தலைவர் மேடையேறினார். முன்பு கல்யாண மண்டபங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர். உட்காரும் ஒவ்வொருவரையும் எண்ணும் பழக்கம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"நண்பர்களே, நாம ஆரம்பிச்சப்ப என்ன இருந்தது? வெறும் பேச்சு. ஒருத்தர் கஷ்டத்தைச் சொல்வார், நாலு பேர் ஆறுதல் சொல்வாங்க, அத்தோட முடிஞ்சுது. கஷ்டம் வீணாப் போச்சு. நான் உக்காந்து யோசிச்சேன். இவ்வளவு துக்கம் நம்மகிட்ட இருக்கு, ஆனா நிர்வாகம் இல்ல. சும்மா கிடைக்கற ஆறுதலுக்கு என்ன மரியாதை? தனிமைதான் நம்ம மூலதனம். சிலர் வந்து சொல்றாங்க, 'தலைவரே, எனக்கு இப்பத் தனிமை போயிடுச்சு, நான் கிளம்பறேன்'னு. எனக்கு மனசு எப்படி இருக்கும் சொல்லுங்க? நாம வளர்த்து விட்டவங்க. அப்படி யாரும் இனிப் போகக் கூடாதுன்னுதான் இந்த வருஷம் முழுக்கப் பாடுபட்டோம்."

கைதட்டினார்கள். கைதட்ட மட்டும் கட்டணம் இல்லை.

"உறுப்பினர்கள் ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்."

மெக்கானிக் எழுந்தார். ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"எந்தப் பொண்ணு?"

"கழுத்துல கட்டி. டாக்டர் என்ன சொன்னார்?"

கூடம் முழுவதும் ஒரு சலசலப்பு எழுந்தது. எல்லோருமே அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. தலைவர் முகம் மலர்ந்தது.

"பாருங்க. இதுக்குப் பேர்தான் ஈடுபாடு. ஒரே நாள்ல உள்முற்றத்துக்கு இவ்வளவு பேர் சேர்ந்ததே இல்ல. ஐயா, தாராளமா சேருங்க. உங்களை நல்லாத் தெரியும்னு ரெண்டு உறுப்பினர் சொல்லணும். அவ்வளவுதான்."

"என்னை யாருக்கும் தெரியாதுங்களே. நான் பேசினதில்ல."

"எனக்குத் தெரியும்" என்று டீச்சர் எழுந்தார். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜை இவர்தான் பார்த்தார். நல்ல மனுஷன்."

"அது வெளியில பழக்கம் டீச்சர். செல்லாது. குழுவுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருக்கணும்."

"குழுவுக்குள்ள யாருக்கும் யார் பேரும் தெரியாதே?"

"அதான் உள்முற்றத்துக்கு அவ்வளவு மதிப்பு."

மெக்கானிக் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை, அதன் ஆணி தளர்ந்திருப்பதைத் தானாகவே கண்டுபிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"அது என் பொண்ணு" என்றார்.

குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. நலப் பொறுப்பாளர் அவசரமாகத் தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஐயா, சொந்தக்காரங்களுக்கு உள்ள அனுமதியே கிடையாது. வீட்டுல பேச முடியாதவங்க வர்ற இடம் இது. உங்ககிட்டப் பேச முடியும்னா அந்தப் பொண்ணு எங்ககிட்ட எதுக்கு வருது? அதுக்கு அப்பான்னு ஒருத்தர் பேசிட்டிருந்தா எங்களுக்கு ஒரு நல்ல உறுப்பினர் நஷ்டம். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க இப்படி இருக்கறதாலதான் எங்க குழு நடக்குது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"உங்க பொண்ணுதானே. போன் பண்ணிக் கேளுங்க" என்று தலைவர் சிரித்தார். "அது அவ்வளவு சுலபம்னா இந்தக் கூடம் இப்படி நிறைஞ்சிருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள்.

*

அவர் படியிறங்கி வெளியே வந்தார். தெருவில் ஒரு லாரி பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது போய் முடியட்டும் என்று நின்றார். போனபின்பும் நின்றார். வழக்கமாக அழைப்பது மகள்தான். அவர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தபோது மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை.

"அப்பா? என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் இந்நேரத்துக்குக் கூப்பிடறீங்க? சாப்பிட்டீங்களா?"

"கழுத்து எப்படி இருக்கு?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். இணைப்பு இருந்தது.

"உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள் கடைசியில்.

"நீதான். அங்க எழுதினே."

"நீங்க அங்க இருக்கீங்களா? எந்தப் பேர்ல?"

அவர் சொன்னார்.

"ஓரமாவா? தொண்டை சரியில்லாத ஓரமா நீங்களா?" அவள் குரல் ஏறி உடைந்தது. சிரிக்கிறாளா வேறு ஏதாவதா என்று அவருக்குப் புரியவில்லை. "வலிக்குமான்னு கேட்டா கட்டைவிரலைப் போட்டது நீங்களா?"

"சின்ன ஊசிதான், பயப்படாதேன்னு எழுதினேன். விடமாட்டேன்னுட்டாங்க."

"எல்லாத்தையும் படிச்சீங்களா? அந்தக் கதவுக் கதையையும்?"

"ம்." உடனே பயந்துபோய், "படிச்சேன். நல்லா எழுதியிருந்தே. ஒரு வாரம் இல்ல, நாலு நாள்தான் அவ மல்லுக்கட்டினது. அப்புறம் எதுக்கு மாத்தினேன்னு கண்டுபிடிச்சிட்டா. என்கிட்டச் சொல்லல" என்றார்.

இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் அவளிடம் பேசியதில்லை. இருவருக்குமே அது தெரிந்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அதையும்தான் எழுதினேனே."

"பூட்டிட்டாங்க. உள்முற்றத்துலதான் இருக்காம். என்னை விடல."

"பூட்டிட்டாங்களா? யாரைக் கேட்டு?" என்றாள். கோபம் வந்து, வந்த வேகத்தில் அடங்கியது. "ஒண்ணுமில்லப்பா. சாதாரணக் கட்டிதானாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான்."

அவர் கூடத்தின் சுவரில் சாய்ந்துகொண்டார். மேலே மறுபடி கைதட்டல் கேட்டது.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அங்க எழுதாதது ஒண்ணு இருக்கு" என்றாள். "ரிப்போர்ட் வாங்கற இடத்துல நீளமா ஒரு பெஞ்சு. எல்லாரும் யார் கூடவாவது வந்திருந்தாங்க. நான் மட்டும் பையைப் பக்கத்துல வச்சுட்டு உக்காந்திருந்தேன். யாரோ இருக்காங்கன்னு நினைச்சுக்கட்டும்னு."

அவர் பதிலுக்கு வார்த்தை தேடினார். வழக்கம்போல ஒன்றும் கையில் அகப்படவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"அடுத்த தடவை நான் வர்றேன்" என்றார்.

"வந்து? அங்க ரொம்ப நேரம் உக்காரணும். என்ன பேசுவீங்க?"

"தெரியல."

"பேச வேணாம்" என்றாள் மகள். "பேசாம வந்து பக்கத்துல உக்காருங்க. நான் பையை மடியில வச்சுக்கறேன்."